தவணை கேட்கிற பாட்டு

தலைப்பைப் பார்த்துவிட்டு, "ஆரம்பிச்சுட்டாங்கய்யா, மறுபடியும் லோன் பதிவு" என்று ஓடிவிடாதீர்கள். இது ஒரு ஆங்கிலப் பாட்டைப் பற்றியது. டேக் தட் என்ற பிரிட்டிஷ் குழு 2006 நவம்பரில் வெளியிட்ட 'பேஷன்ஸ்'. லோன் நடுவில் கொஞ்சம் வரும். பி.காம். படித்தவள் பாட்டுக் கேட்டால் அப்படித்தான் :-)

விருதுநகரில் வளர்ந்த எனக்குப் பாட்டு என்றால் ராஜா, அப்புறம் ரஹ்மான், பங்குனிப் பொங்கலுக்குக் கட்டும் குழாய் ஸ்பீக்கர். அவ்வளவுதான். இங்கிலீஷ் பாட்டெல்லாம் கான்வென்ட் பிள்ளைகள் சமாசாரம். 2007-இல் பதவி உயர்வு கொடுத்து ஷில்லாங்குக்குத் தூக்கிப் போட்டார்கள். (வங்கியில் பதவி உயர்வும் இடமாற்றமும் ஒரே கவரில்தான் வரும், தெரிந்தவர்களுக்குத் தெரியும்.) ரங்கமணி சென்னையில், நான் மழையில். அந்த ஊர் மனுஷர்களுக்கு மேற்கத்தியப் பாட்டு கடன் வாங்கிய சரக்கு இல்லை, வீட்டுச் சரக்கு. பாப் டிலனின் பிறந்தநாளுக்கு 1972-இலிருந்து வருஷா வருஷம் மே 24-ஆம் தேதி கச்சேரி நடத்துகிற லூ மாஜா அந்த ஊர்க்காரர்தான். டாக்ஸியில் ஏறினால் பாட்டு. டீக்கடையில் பாட்டு. எங்கள் கிளையில் கேஷ் கவுன்டரில் இருந்த காஸிப் பையன் சர்ச் கொயரில் பாடுகிறவன். என்னை 'காங்' என்று கூப்பிடுவான். காங் என்றால் அக்கா மாதிரி. மேடம் என்ற சொல்லிலிருந்து தப்பித்த ஒரே கிளை எனக்கு அதுதான்.

அவன் நோக்கியா போனில்தான் முதலில் கேட்டேன். கேஷ் டாலி ஆகி, வெளியே மழை விடாமல், எல்லோரும் உட்கார்ந்திருந்த ஒரு சாயங்காலம். எனக்கு இங்கிலீஷ் பாட்டில் வார்த்தை சட்டென்று பிடிபடாது. இதில் பிடிபட்டது. பாடுகிறவர் அவசரப்படவில்லை. முதலில் ஒரு கிட்டார், பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி ஒரு ஆண் குரல். பல்லவிக்கு வரும்போது அந்தக் குரல் மெலிந்து மேல் ஸ்தாயிக்கு ஏறுகிறது. கத்துவதில்லை, கெஞ்சுவதும் இல்லை. இழுத்துப் பிடித்த மூச்சை விடுகிற மாதிரி இருக்கும். பின்னால் மற்ற மூன்று குரலும் வயலின்களும் சேரும்.

விஷயம் ரொம்பச் சின்னது. ஏற்கெனவே அடிபட்ட ஒருத்தன். இப்போது ஒருத்தி வந்திருக்கிறாள். அவனுக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் மனசு இன்னும் மரத்துப் போய்க் கிடக்கிறது. எனக்குக் கொஞ்சம் நேரம் கொடு, முயற்சி செய்துகொண்டுதான் இருக்கிறேன் என்கிறான். அவ்வளவுதான் பாட்டு.

'பேஷன்ஸ்' என்றால் பொறுமை என்று அகராதி சொல்லும். பொறுமை என்றதும் நமக்குப் பள்ளிக்கூடச் சுவரில் எழுதி வைக்கிற நற்குணம் ஞாபகம் வரும், பொறுத்தார் பூமி ஆள்வார் வகையறா. இந்தப் பாட்டில் இருப்பது அது இல்லை. இது தவணை. கடன்காரன் கடன் கொடுத்தவர் எதிரே உட்கார்ந்து கேட்கிற தவணை.

இருபது வருஷத்துக்கு மேல் இந்த நாற்காலியில் இருக்கிறேன். தவணை கேட்டு வருபவர்களில் இரண்டு ஜாதி உண்டு. ஒருவர் தேதியோடு வருவார். "அடுத்த திங்கள் பேமென்ட் வருது மேடம், புதன்கிழமை கட்டிடறேன்." அந்தப் புதன்கிழமை எந்தக் காலண்டரிலும் வராது. இன்னொருவர் தேதியே சொல்ல மாட்டார். கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். "இப்ப முடியல மேடம். ஓடிப் போகமாட்டேன். கொஞ்சம் பொறுங்க." சிஸ்டத்துக்குத் தேதி வேண்டும், 90 நாள் தாண்டினால் அது வாராக்கடன். மனுஷருக்குத் தெரிவது வேறு. இரண்டாவது ஆள்தான் பெரும்பாலும் கட்டுகிறார். 2020-இல் ரிசர்வ் வங்கி மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை தவணைக்கு விலக்கு கொடுத்தபோது இந்த இரண்டு ஜாதியையும் ஒரே வரிசையில் பார்த்தேன். அதைத் தனியாக எழுத வேண்டும். சொல்ல வந்தது, இந்தப் பாட்டுக்காரன் இரண்டாவது ஜாதி. தேதி கொடுக்கவில்லை. நிலவரத்தை மட்டும் சொல்கிறான்.

பாட்டு முடிந்ததும் "நல்லா இருக்கே, யாரு இவங்க?" என்று கேட்டேன். பையன் சொன்ன கதையில்தான் எனக்கு நிஜமாகவே காது நிமிர்ந்தது. அப்புறம் வருஷக்கணக்கில் நானும் அங்கங்கே படித்துச் சேர்த்தேன். சுருக்கிச் சொல்கிறேன்.

1990, மான்செஸ்டர். நைஜல் மார்ட்டின்-ஸ்மித் என்று ஒரு மேனேஜர். அமெரிக்காவில் ஒரு பையன்கள் குழு சக்கைப்போடு போடுவதைப் பார்த்து, நாமும் ஒன்று சேர்ப்போம் என்று கிளம்பினார். கேரி பார்லோ என்ற பையன் கிடைத்தான். தொழிலாளர் கிளப்புகளில் சின்ன வயசிலேயே கீபோர்டு வாசித்துப் பாடிச் சம்பாதித்தவன். பதினைந்து வயசில் எழுதிய ஒரு காதல் பாட்டு பின்னால் பெரிய ஹிட் ஆனது. அவனைச் சுற்றி மற்ற நால்வரைச் சேர்த்தார்கள். ஹவர்டு டொனால்டு வண்டிகளுக்குப் பெயின்ட் அடித்தவர். ஜேசன் ஆரஞ்ச் வீடுகளுக்குப் பெயின்ட் அடித்தவர், தெருநடனக்காரர். மார்க் ஓவன் பார்க்ளேஸ் வங்கியில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவர் (நம்மாள்!). கடைசியாக ராபி வில்லியம்ஸ், பதினாறு வயசு.

1993-இல் 'ப்ரே' முதலிடம். அங்கே ஆரம்பித்து 1996-க்குள் எட்டுப் பாட்டுகள் பிரிட்டனில் முதலிடம். 1995-இல் வந்த 'பேக் ஃபார் குட்' அமெரிக்காவிலும் 7-ஆம் இடம் வரை போனது. அந்த ஜூலையில் ராபி வெளியேறினார். 1996 பிப்ரவரி 13-ஆம் தேதி மீதி நால்வரும் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டுக் கடையை மூடினார்கள். அழுகிற பெண்பிள்ளைகளுக்கு ஆறுதல் சொல்லப் பிரிட்டனில் தொலைபேசி உதவி எண்கள் வைத்தார்கள். நம்ம ஊர் ரசிகர் மன்றங்கள் இதைக் கேட்டால் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

பிரிந்த பிறகுதான் எனக்குக் கதை. எல்லோரும் நினைத்தது, பாட்டு எழுதுகிறவர் பார்லோ, ஆகவே பிழைக்கப்போவதும் பார்லோ என்று. முதல் தனி ஆல்பம் 1997-இல் முதலிடம் போகவும் செய்தது. 1999-இல் இரண்டாவது ஆல்பம் 35-ஆம் இடத்தோடு நின்றது. கம்பெனி கழற்றிவிட்டது. ராபியோ 'ஏஞ்சல்ஸ்' பாட்டுக்குப் பிறகு எங்கோ போய்விட்டார். 2003 ஆகஸ்ட்டில் நெப்வொர்த் மைதானத்தில் மூன்று நாளில் 3,75,000 பேருக்குப் பாடினார். போகிற இடமெல்லாம் பார்லோவைக் கிண்டல் செய்வதையும் ஒரு தொழிலாக வைத்திருந்தார். பார்லோ எடை கூடி, வெளியே தலைகாட்டாமல் வீட்டுக்குள் கிடந்தார். அந்த வருஷங்களைப் பற்றி 2018-இல் வந்த தன் புத்தகத்தில் அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

2005 நவம்பரில் ஐடிவி சேனலில் இவர்களைப் பற்றி ஒரு ஆவணப்படம். ஐந்து பேரும் தனித்தனியாகப் பேசியிருந்தார்கள். கடைசியில் நால்வரும் ஒரு வீட்டில் ஒன்றாக உட்கார்ந்து ஐந்தாமவருக்காகக் காத்திருக்கிறார்கள். ராபி வரவில்லை. வீடியோவில் ஒரு செய்தி மட்டும் வந்தது. பங்காளிக் கூட்டத்துக்கு ஒருத்தர் மட்டும் லெட்டர் கொடுத்து அனுப்புவாரே, அந்த மாதிரி. ஆனால் படத்துக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்து நால்வரும் மறுவருஷம் ஊர் ஊராகக் கச்சேரி போனார்கள், ஒரு பாட்டுக்கு ராபியின் ஒளிப்பிம்பத்தை மேடையில் நிறுத்திக்கொண்டு. கூட்டம் குவிந்தது. பழைய பாட்டுக்குக் கூட்டம் வரும், அதில் பெரிய விஷயம் இல்லை. புதுப் பாட்டு போட்டால் வாங்குவார்களா?

அந்தக் கேள்விக்குப் போட்ட பாட்டுதான் 'பேஷன்ஸ்'. ஹவர்டுக்கு அப்போது 38 வயசு, ஜேசனுக்கு 36, பார்லோவுக்கு 35, மார்க்குக்கு 34. நடனம் கிடையாது, சட்டையைக் கழற்றுவது கிடையாது. வீடியோவை ஐஸ்லாந்தில் எடுத்தார்கள். நாலு பேரும் ஆளுக்கொரு மைக் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டும் இழுத்துக்கொண்டும் பாறையும் புல்லுமாக இருக்கிற வெட்டவெளியில் நடக்கிறார்கள். ரங்கமணி அதைப் பார்த்துவிட்டு "என்ன, வீடு காலி பண்றாங்களா?" என்றார். எனக்கு அது ரொம்பப் பிடித்த வீடியோ.

டவுன்லோடு கணக்கில் முதலில் மேல்வரிசைக்கு வந்து, மறுவாரம் முதலிடம். நாலு வாரம் நின்றது. கிறிஸ்துமஸுக்கு லியோனா லூயிஸ் வந்துதான் இறக்கினார். 2007 பிப்ரவரியில் பிரிட் விருதுகளில் சிறந்த பிரிட்டிஷ் சிங்கிள். காதலியிடம் தவணை கேட்கிற பாட்டுதான். ஆனால் பத்து வருஷம் காணாமல் போய்த் திரும்பி வந்த நாலு பேர் பாடினால், கேட்கிறவர் காதில் வேறு மாதிரியும் விழத்தானே செய்யும்.

அந்தப் பையன் சி.டி.யைக் கொண்டுவந்து கொடுத்தான். பாட்டைக் கேட்பதற்கு முன்னால் உறையைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படிக்கிற புத்தி எனக்கு. கடன் பத்திரத்தில் பழகிய கண். அங்கே 'பேஷன்ஸ்' பாட்டுக்கு எழுதியவர் என்று ஐந்து பெயர். பார்லோ, ஓவன், டொனால்டு, ஆரஞ்ச், அப்புறம் ஜான் ஷாங்க்ஸ் என்ற அமெரிக்கத் தயாரிப்பாளர். "எல்லாரும் எழுதுவாங்களா?" என்றேன். "முன்னாடி பார்லோதான் காங். இப்ப எல்லாரும்" என்றான்.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப்பாடம், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டில் பணம் இரண்டு வாய்க்காலில் ஓடும். பதிவு செய்த ஒலிக்கு ஒன்று, அதில் பாடியவருக்குப் பங்கு. எழுதி இசையமைத்த பாட்டுக்கு இன்னொன்று. பிரிட்டனில் சி.டி. விற்றால் கடைக்குக் கொடுக்கிற விலையில் 8.5 சதவீதம் எழுதியவர் பக்கம் போகும். ரேடியோவில் ஒலித்தாலும், வேறு யாராவது அதே பாட்டைப் பாடினாலும், எழுதியவருக்குத் தனியாக வரும், செத்த பிறகும் வாரிசுக்கு 70 வருஷம் வரும். 1990-களில் 'ப்ரே', 'பேப்', 'பேக் ஃபார் குட்', 'நெவர் ஃபர்கெட்' எல்லாவற்றிலும் எழுதியவர் இடத்தில் பார்லோ பெயர் மட்டும்தான். 'பேப்' பாட்டைப் பாடியது மார்க். 'நெவர் ஃபர்கெட்' ஹவர்டின் குரல். அவர்கள் குரல், அவர்கள் வியர்வை, அவர்கள் முகம். இரண்டாவது வாய்க்கால் முழுக்க ஒருவர் வயலுக்கு.

இதில் அநியாயம் எதுவும் இல்லை, சட்டப்படி. எழுதியவர் அவர்தானே. ஆனால் ஒரே வேனில் போய், ஒரே மேடையில் ஆடி, ஒரே கூட்டத்தில் நசுங்கிய ஐந்து பேரில் ஒருவர் மட்டும் பெரும் பணக்காரர் ஆனால், அந்தக் குழுவுக்குள் என்ன நடக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஏனென்றால் எங்கள் வீட்டில் நடந்தது. (கொசுவத்தி சுற்றியாச்சு.) அப்பாவும் இரண்டு சித்தப்பாக்களும் சேர்ந்து வத்தல் மண்டி வைத்திருந்தார்கள். லைசென்ஸ் அப்பா பெயரில். கரன்ட் அக்கவுன்ட் அப்பா பெயரில். குடோன் பத்திரம் அப்பா பெயரில். பெரிய சித்தப்பா பேரேடு எழுதுவார். சின்னச் சித்தப்பாவுக்குப் பேரேடும் தெரியாது, பேங்க்கும் தெரியாது. ஆனால் ஒரு கை வத்தலை அள்ளி மூக்குக்கிட்ட கொண்டுபோனால் எந்த ஊர்க் காடு, எத்தனை நாள் காய்ச்சல், உள்ளே ஈரம் இருக்கா இல்லையா என்று சொல்லிவிடுவார். யாவாரிகள் அவர் மூக்கை நம்பித்தான் வந்தார்கள். எழுத்துப்பூர்வமாக ஒரு பத்திரம் கிடையாது. அண்ணன் தம்பிக்குள் எதுக்குப் பத்திரம்?

1996-இல் பிரிந்தார்கள், நான் பதினொன்றாம் வகுப்பு. தம்பிகள் கையில் கொஞ்சம் பணம் கொடுத்து, இவ்வளவுதான் உங்களுக்கு என்று அப்பா சொல்லிவிட்டார். பத்திரம் எல்லாம் அவர் பெயரில்தானே இருந்தது. பெரிய சித்தப்பா மௌனமாக வாங்கிக்கொண்டார். சின்னச் சித்தப்பா சாத்தூர் பக்கம் போய்த் தனியாகக் கடை போட்டார். எங்கள் மண்டி நாலு வருஷத்தில் சுருங்கிப்போனது. லைசென்ஸ் இருந்தது, குடோன் இருந்தது, மூக்கு இல்லை.

அதற்கப்புறம் நான் பி.காம்.மில் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம், 1932 படித்தேன். பிரிவு 13. பங்குதாரர்களுக்குள் வேறு ஒப்பந்தம் இல்லை என்றால் லாபம் சமமாகத்தான் பிரிய வேண்டும். நான்தான் அதிகம் உழைத்தேன் என்று யாரும் தனிச் சம்பளமும் கேட்க முடியாது. பிரிட்டனின் 1890-ஆம் வருஷச் சட்டமும் அதையேதான் சொல்கிறது. வகுப்பில் எல்லோரும் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தார்கள். எனக்கு வீட்டு ஞாபகம்.

இப்போது சி.டி. உறையின் அந்த ஐந்து பெயர் ஏன் என்னைப் பிடித்து நிறுத்தியது என்று புரிந்திருக்கும். "இது நியாயமா காங்? எழுதத் தெரிஞ்சவன் ஒருத்தன், பங்கு எல்லாருக்குமா?" என்று பையன் கேட்டான். அவன் கொயரில் அவன்தான் பாட்டு எழுதுகிறவன், அதனால் அவனுக்கு வலிக்கும். நான் அவனுக்குச் சொன்ன பதில் அக்கவுன்டன்சியில் இருக்கிறது. நற்பெயர் என்று ஒரு சொத்து உண்டு, குட்வில் என்று எழுதுவோம். கட்டடம், சரக்கு, ரொக்கம் எல்லாவற்றையும் கூட்டினாலும் கடையின் விலை அதற்கு மேலே நிற்கும் பாருங்கள், அந்த மிச்சம். அது எந்தப் பங்குதாரர் சட்டைப்பையிலும் இருக்காது. 1999-இல் பார்லோ கையில் அதே பேனா இருந்தது, அதே குரல் இருந்தது, 35-ஆம் இடம். 2006-இல் அதே பேனாவோடு மற்ற மூன்று பேர் சேர்ந்தபோது முதலிடம். நடுவில் இருக்கிற வித்தியாசம் யாருடையது? தவிரவும் இந்தத் தடவை நால்வரும் ஷாங்க்ஸோடு உட்கார்ந்துதான் வேலை செய்தார்கள். 'பேஷன்ஸ்' இருக்கிற 'பியூட்டிஃபுல் வேர்ல்டு' ஆல்பத்தில் 'ஷைன்' பாட்டுக்கு மார்க் முன்னால் வருகிறார். பழைய நாளில் நடனக்காரர் என்று ஓரமாக நின்ற ஜேசன், கடைசிப் பாட்டான 'வுடன் போட்' முழுவதையும் முன்னின்று பாடுகிறார். பெரிய குரல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஆளுக்கு ஒரு பாட்டு கொடுத்தார்கள் இல்லையா, அது முக்கியம்.

பார்லோவைத் தியாகி ஆக்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2014-இல் பிரிட்டனில் ஒரு வரித் தீர்ப்பாயம், இசைத் துறையில் முதலீடு என்ற பெயரில் நடந்த ஒரு திட்டம் வரியைத் தவிர்க்கப் போட்ட ஏற்பாடு என்று தீர்ப்பு சொன்னது. அதில் பணம் போட்டவர்களில் பார்லோ, ஹவர்டு, மார்க் மூவரும் இருந்தார்கள். பார்லோ பின்னால் மன்னிப்பும் கேட்டார். கணக்கில் ஒரு இடத்தில் தாராளமும் இன்னொரு இடத்தில் கள்ளத்தனமும் ஒரே ஆளிடம் இருக்கும். என் மேஜைக்கு வருகிற ஃபைல்களில் தினமும் பார்ப்பதுதான்.

ஆனால் இந்தப் பாட்டு உண்மையாக ஒலிக்க அந்தப் பெயர்ப்பட்டியல் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன். ஊரைப் பார்த்து 'கொஞ்சம் பொறுங்கள்' என்று பாடுவதற்கு முன்னால் தங்களுக்குள் பாக்கியைத் தீர்த்திருந்தார்கள். தீர்க்காமல் பாடியிருந்தால்? ஒருவேளை அப்போதும் ஹிட் ஆகியிருக்கும். மறுபடி நாலு வருஷத்தில் பிரிந்திருப்பார்கள்.

எங்கள் வீட்டுக் கதையும் ஒரு மாதிரி தீர்ந்தது, சொல்லிவிடுகிறேன். 2009-இல் அப்பா குடோனை விற்றார். எனக்குக்கூடப் பிறகுதான் சொன்னார். வந்த தொகையை மூன்றாகப் பிரித்து, தம்பிகள் இருவருக்கும் ஆளுக்கொரு டி.டி. எடுத்துப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டார். கூட ஒரு வரி கடிதம் இல்லை. எழுத அவருக்கு வராது. பெரிய சித்தப்பா வந்த அன்றே கணக்கில் போட்டார், கணக்குப்பிள்ளை புத்தி. சின்னச் சித்தப்பா போடவில்லை. பீரோவில் வைத்துவிட்டார். அப்போது டி.டி.க்கு ஆறு மாசம் ஆயுசு (2012 ஏப்ரலிலிருந்துதான் மூன்று மாசம்). ஆறு மாசம் கழிந்து டி.டி. காலாவதி ஆனது.

2010 தொடக்கத்தில் ஒரு நாள் காலையில் விருதுநகர் வீட்டு வாசலில் சின்னச் சித்தப்பா நின்றார். பதினாலு வருஷத்துக்குப் பிறகு. அம்மா சொல்லிக் கேட்டது.

"அண்ணே, இதப் புதுப்பிக்கணும்னா எடுத்தவர் கையெழுத்து வேணுமாம்ல. பேங்க்ல சொல்லுதாக."

விதி அதுதான். டி.டி.யை வாங்கியவர் எழுதிக் கொடுத்தால்தான் மறுபடி செல்லுபடி ஆக்குவார்கள். அப்பா உள்ளே போய்க் கண்ணாடியை எடுத்து வந்து, அங்கேயே திண்ணையில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். பிறகு இருவரும் சேர்ந்தே பேங்க்குக்குப் போனார்கள். வரும்போது வத்தல் விலை பேசிக்கொண்டு வந்தார்களாம். சித்தப்பாவுக்கு அந்த விதி ஆறு மாசம் முன்னாலேயே தெரியுமோ என்று எனக்கு இன்றும் ஒரு சந்தேகம். கேட்டால், "எனக்கு என்ன தாயி பேங்க் தெரியும்" என்பார்.

அதே 2010-இல்தான் அங்கே ராபியும் திரும்பினார். பார்லோவும் அவரும் சேர்ந்து தங்கள் சண்டையைப் பற்றியே 'ஷேம்' என்று ஒரு பாட்டு எழுதிப் பாடினார்கள். ஐவரும் சேர்ந்து 'ப்ராக்ரஸ்' ஆல்பம் போட்டார்கள், எழுதியவர் இடத்தில் ஐந்து பெயரும். 2011-இல் ஐவரும் சேர்ந்து சுற்றிய பிறகு ராபி தன் வழியில் போனார். இந்தத் தடவை யாரும் யாரையும் திட்டவில்லை. 2014 செப்டம்பரில் ஜேசன், புது ஆல்பம், விளம்பரம் என்று மறுபடி இறங்க மனசில்லை என்று விலகினார். சண்டை எதுவும் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவர் பொதுவெளியில் தலைகாட்டுவதே அபூர்வம். 2017 ஜூனில் மான்செஸ்டரில் குண்டுவெடிப்பில் இறந்தவர்களுக்காக நடந்த கச்சேரியிலும், 2023 மே மாதம் மன்னரின் முடிசூட்டுக் கச்சேரியிலும் டேக் தட் என்று வந்து நின்றது மூன்று பேர்தான்.

மேடையில் மூன்று பேர். 'பேஷன்ஸ்' பாட்டின் எழுத்தாளர் பட்டியலில் இன்னும் அதே ஐந்து பெயர். இன்று ராத்திரி லண்டனில் ஏதோ ஒரு ரேடியோ அந்தப் பாட்டைப் போட்டாலும், வீடுகளுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்து, வந்து ஆடி, சில பாட்டுகளை மட்டும் முன்னின்று பாடி, பிறகு சத்தம் போடாமல் எழுந்து போய்விட்ட அந்த மனுஷருக்கு அவருடைய பங்கு (உரிமையை யாருக்கும் எழுதிக் கொடுக்காத வரை) கணக்கில் ஏறும்.